நெடுவான் பேரரசின் கப்பற்படை

உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் விண்கப்பல்களைச் சுட்டு விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். போன மாதம் என் பேத்தி அப்படி விளையாடிக்கொண்டிருந்தபோது, "இத்தனை கப்பலுக்கும் சாப்பாடு யாரும்மா கொண்டு வர்றது?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சுட ஆரம்பித்துவிட்டாள். அது என் கேள்வி இல்லை. என் பெரியப்பா மகள் கேட்ட கேள்வி. அவளைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா மலாக்கா டவுனில் ஓர் ஆபீஸில் பியூன். அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, இரத்தம் வந்து, ஆஸ்பத்திரியில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஆண்டு இறுதி ஸ்கூல் லீவு தொடங்கியதும் அப்பா என்னை பஸ் ஏற்றி, டுரியான் துங்காலைத் தாண்டி உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில், பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார். என் துணிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. கிளம்பும்போது அப்பா டின்னைத் தட்டிக்கொடுத்தாரே தவிர என்னைத் தொடவில்லை. அம்மாவின் நோய் தன் கையிலும் ஒட்டியிருக்கும் என்று பயந்திருக்கிறார். அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

பெரியப்பா தோட்டத்தில் மண்டோர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மரங்களுக்குப் போவது என்று பிரித்து அனுப்புவார். அந்தப் பேர் கூப்பிடுதலுக்குப் பெரட்டு என்று பெயர். பெரியம்மா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். அவர்களுக்கு ஒரே மகள், எனக்கு அக்கா. பதிமூன்று வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி முடித்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் முதலில் ஒரு வருடம் படிக்க வேண்டிய புகுமுக வகுப்பையும் டுரியான் துங்காலில் முடித்து, ஜனவரியில் படிவம் ஒன்றுக்குப் போகக் காத்திருந்தாள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அத்தனை தூரம் படிக்கப் போன பெண் அவள் ஒருத்திதான்.

மரத்திலும் கோப்பையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலின் நாற்றம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? முதல் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூக்கப் பொத்திக்கிட்டு சாப்பிடு பாப்பா. நாலு நாள்ல உனக்கே தெரியாது. அப்புறம் டவுனுக்குப் போனா அங்கதான் நாறும்" என்றாள்.

அவள் சொன்னது போலவேதான் ஆனது.

*

தோட்டத்திலேயே டெலிவிஷன் இருந்தது டிரசர் வீட்டில் மட்டும்தான். டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அவர்கள் வேதக்காரர்கள். சுவரில் மாதா படமும் அதன் கீழே ஒரு சிவப்பு பல்பும் இருக்கும். அவருடைய மகன் மலாக்காவில் இங்கிலிஷ் ஸ்கூலில் படித்தான். அக்காவைவிட ஒரு வயது மூத்தவன். சனிக்கிழமை சாயந்தரம் பிள்ளைகளெல்லாம் அந்த வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக டெலிவிஷன் பார்ப்போம். ஒரு சனிக்கிழமை விண்வெளிக் கப்பல் கதை ஒன்று ஓடியது. இங்கிலிஷ் பேச்சு எங்களுக்குப் புரியவில்லை. சண்டை புரிந்தது.

திரும்பி வரும் வழியில் டிரசர் மகனும் எங்களோடு வந்தான். கப்பல் எத்தனை வேகம், துப்பாக்கி எப்படிச் சுடும் என்று கைகளை ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தான். அக்கா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டு, "அது பெரிய ராஜ்யம்னு சொன்ன இல்ல? அப்ப மத்த கப்பலெல்லாம் எங்க?" என்றாள்.

"மத்த கப்பல் இருக்கும் லா. காட்ட மாட்டாங்க."

"சரி, அவங்களுக்குச் சாப்பாடு யாரு கொண்டு வர்றது? அடிபட்டவங்கள யாரு தூக்குறது? அந்தக் கேப்டன் செத்துட்டா அடுத்து யாரு?"

அவன் கைகளை ஆட்டுவதை நிறுத்தினான். அக்கா சிரிக்கவில்லை, அவனைக் கேலி செய்யவும் இல்லை. "நாம போட்டுப் பாப்போமா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை, ஆட்கள் வேலைக்குப் போன பிறகு, பெரட்டுக் களத்துச் சிமெண்டுத் தரையில் நெடுவான் பேரரசு தொடங்கியது. பெயர் அக்கா வைத்தது. கப்பல்களுக்கு ரப்பர் கொட்டைகள். வழுவழுப்பான, பழுப்புப் புள்ளி போட்ட கொட்டைகளை மூன்று நாளாகப் பொறுக்கி, கோணிப்பையில் அரைப்பை சேர்த்தோம். டிரசர் மகன் அவனுடைய அப்பாவிடம் கேட்டு, ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட பழைய ஆஸ்பத்திரிப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தான். கறுப்பு அட்டை, மூலைகளில் சிவப்புத் துணி. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீஸில் வீசி எறிந்த காப்பிங் பென்சில் துண்டு ஒன்று அக்காவிடம் இருந்தது. அதை நாக்கில் தொட்டு எழுதினால் எழுத்து ஊதாவாக வரும். அந்த லீவு முழுக்க எங்கள் நாக்கும் ஊதாவாகத்தான் இருந்தது. இன்று அந்தப் பென்சிலை எந்தக் கடையிலும் காணோம். என் மகளிடம் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குப் புரியவில்லை.

படையை அக்கா பிரித்த விதம் இன்னும் எனக்கு மனப்பாடம். ஒரு கப்பலுக்கு, அதை ஓட்ட ஒரு தண்டல். பன்னிரண்டு கப்பல் சேர்ந்தால் ஒரு நிரை. ரப்பர் மர வரிசையைத்தான் நாங்கள் நிரை என்போம். நிரைக்கு ஒரு மண்டோர். பத்து நிரை ஒரு டிவிஷன். மொத்தம் ஐந்து டிவிஷன். எங்கள் தோட்டத்தில் மூன்றுதான், ஆனால் வானம் பெரியது என்று அக்கா இரண்டைக் கூட்டிக்கொண்டாள்.

டிரசர் மகனுக்கு அந்தப் பெயர்கள் பிடிக்கவில்லை. "மண்டோர் வேணாம். அட்மிரல்னு வையி. நேவியில எல்லாம் அட்மிரல்தான்" என்றான்.

"அட்மிரல் காலையில எழுந்திருச்சு என்ன செய்வாரு?"

அவன் யோசித்தான். "ஆர்டர் போடுவாரு."

"மண்டோர் என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியும். யாருக்குக் காய்ச்சல், யாரு புருசன் அடிச்சான், யாருக்கு இன்னிக்கு மேட்டு மரம் குடுக்கக்கூடாதுன்னு பாத்து ஆள் பிரிப்பாரு. அது தெரியாம கப்பல எப்படிப் பிரிக்கிறது?"

கடைசியில், டிவிஷனின் தலைவருக்கு மட்டும் தளபதி என்று பெயர் வைக்க ஒத்துக்கொண்டாள். அவன் ஐந்தாம் டிவிஷன் தளபதி ஆனான். சக்கரவர்த்திக்கு மட்டும் ஆளே இல்லை. லயத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் நான் நீ என்று கேட்டும் அவள் கொடுக்கவில்லை. "அவரு ரொம்பத் தூரத்துல இருக்காரு. யாரும் பாத்ததில்ல. கடுதாசிதான் வரும்" என்றாள். எங்கள் தோட்டத்துச் சொந்தக்காரரை நாங்களும் அப்படித்தான் அறிந்திருந்தோம்.

*

ஒருநாள் டிரசர் மகன் ஸ்கூல் புத்தகத்திலிருந்து ஒரு செய்தியோடு வந்தான். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளிச்சம் போய்ச் சேரவே பல வருடம் பிடிக்குமாம். செய்தியும் அப்படித்தான். இங்கே உத்தரவு போட்டால் அங்கே போய்ச் சேர்வதற்குள் சண்டையே முடிந்துவிடும்.

அக்கா மூன்று நாள் புத்தகத்தைத் தொடவில்லை. பெரியம்மா கோழிக்குத் தவிடு பிசையச் சொன்னால் பிசைந்துகொண்டே இருப்பாள். நான்காம் நாள் மழை. மரம் வெட்டு இல்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில், நாங்கள் மூவரும் பால் கொண்டுவந்து சேர்க்கும் ஸ்டோரின் சாய்ப்பில் ஒண்டி நின்றோம். அப்போது சொன்னாள்.

"தூரத்துல இருக்கிற தளபதி அவங்களே முடிவு எடுக்கணும். கேட்டுட்டுச் செய்ய முடியாது. அதனால போறதுக்கு முன்னாடியே ஒரு உத்தரவு எழுதி, மூடிக் குடுத்துடணும். அங்க போயித்தான் பிரிச்சுப் பாக்கணும். படிச்சதும் எரிச்சுடணும்."

"அவன் அங்க போயி அவனே ராஜான்னு சொல்லிட்டா?" என்று டிரசர் மகன் கேட்டான்.

"அதுக்குத்தான் எல்லா டிவிஷன்லயும் ஒரு சாட்சி போடுறேன். சாட்சி தளபதிக்குக் கீழ இல்ல. யாருக்கும் கீழ இல்ல. நடந்தத புத்தகத்துல எழுதி வைக்கிறதுதான் வேல. பாத்தத மட்டும் சொல்லணும். கேட்டதுக்கு மட்டும் சொல்லணும். தன்னோட கருத்தச் சேக்கக்கூடாது. எதிரி கப்பலுக்குள்ள ஏறிட்டா, மொதல்ல புத்தகத்த அழிச்சிடணும்."

நான் சாட்சி ஆனேன். புத்தகம் என் பொறுப்பு. பெரியப்பா வீட்டுப் பின்னால் விறகுக் கட்டுக்கு அடியில், சாக்கில் சுற்றி வைத்திருப்பேன். எல்லா உத்தரவுகளையும் தளபதிகளிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான்.

அக்காவின் படையில் நான் இன்றும் வியப்பது இன்னொன்று. ஒவ்வொரு டிவிஷனுக்கும் பின்னால் ஓர் ஆயாக் கப்பல் போகும். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை நம் தோட்டங்களில் இருந்ததல்லவா, அதே மாதிரி. சண்டைக் கப்பலில் பிள்ளைக்குட்டி எதற்கு என்று டிரசர் மகன் சிரித்தான்.

"போனா திரும்பி வர மாட்டாங்க. நீதானே சொன்ன, அவ்வளவு வருசம்னு. அப்ப குடும்பத்தோடதான் போகணும். எங்க தாத்தா கப்பல்ல வந்தப்ப அவரு தங்கச்சி கைப்பிள்ள. கப்பல்லயே செத்துப் போச்சாம். கடல்ல போட்டுட்டாங்களாம். அந்தக் கப்பல்ல பிள்ளைங்களப் பாத்துக்க ஒரு ஆயா இல்ல" என்றாள்.

அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை. ஆயாக் கப்பல்களுக்கென்று பெரிய பெரிய கொட்டைகளாக அவனே தேடிக் கொண்டு வந்தான்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததை நான் மணிக்கணக்காக மறந்து போனது அந்த நாட்களில்தான். அதற்கு நான் அக்காவுக்குக் கடன்பட்டவள்.

*

லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, படை புறப்படுவது என்று முடிவானது. கொட்டைகளை வைத்து விளையாடியது போதும், இனி லயத்துப் பிள்ளைகள் இருபது பேரும் ஆளுக்கொரு கப்பலாக ஓட வேண்டும். இடம், ரப்பர் தகடுகளைப் புகையில் உலர்த்தும் பழைய புகைக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளி. நாள், ஞாயிறு மத்தியானம், பெரியவர்கள் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். அக்கா ஐந்து உத்தரவுகள் எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியது ஐந்தாம் டிவிஷனுக்கு. அதை மடித்து என்னிடம் கொடுத்தாள். கவுன் பையில் போட்டுக்கொண்டேன். அன்று டிரசர் மகன் மலாக்காவுக்குப் போயிருந்தான். மறுநாள் கொடுக்கலாம் என்று இருந்தவள் மறந்து கவுனை மாற்றிவிட்டேன்.

மறுநாள் மழை. பெரியம்மா குழாயடியில் துணி நனைத்தபோது பையில் காகிதம் தட்டுப்பட்டது. எடுத்து விரித்தார். பேரரசின் பெயரும் டிவிஷன் எண்ணும் இருந்த மேல் பாதி முழுக்க ஊதா மை கரைந்து ஓடியிருந்தது. கீழ்ப் பாதி எழுத்து அப்படியே இருந்தது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"இது யாரு குடுத்தா?" என்று என்னைக் கேட்டார்.

"அக்கா."

"யாருக்கு?"

"டிரசர் மகனுக்கு."

அவர் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். அக்காவைக் கேட்கவில்லை. பெரியப்பா ஸ்டோரில் இருந்தார், அவருக்கும் சொல்லவில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு தோட்டத்துக் கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மழை நாளானதால் கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள், ஏழெட்டுப் பேர் இருக்கும். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். அவர் எதைப் படித்தாலும் அப்படித்தான், உரக்கத்தான் படிப்பார்.

"ஞாயிறு மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு புகைக்கொட்டகைக்குப் பின்னால் வரவும். நான் முன்னாலேயே வந்து நிற்பேன். இந்தப் பயணம் போனால் திரும்பி வர முடியாது. அப்பா அம்மாவை நினைத்து அழக்கூடாது. படித்ததும் எரிக்கவும்."

அங்கே நின்ற ஒரு பெண்மணி "யாரு எழுதுனது, ஒம் மகளா?" என்று கேட்டார். பெரியம்மா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அழுதார். நான் குறுக்குப் பாதையில் ஓடி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு என்ன புரிந்தது என்று நினைக்கிறீர்கள்? பெரியவர்களுக்கு ரகசியம் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். எதிரி கப்பலுக்குள் ஏறிவிட்டான். விறகுக் கட்டுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். பெரியப்பா குளிக்க வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கிழித்துக் கிழித்துப் போட்டேன். அட்டை சீக்கிரம் எரியவில்லை. கட்டையால் தள்ளித் தள்ளி எரித்தேன். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்த நிம்மதிகூட எனக்கு இருந்தது.

*

சாயந்தரம் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா சுவரோரம் நின்றாள். பெரியப்பா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செய்தி கேட்டு டிரசரே வந்துவிட்டார். குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"மண்டோர், நான் என் பையனக் கேட்டுட்டேன். இது புள்ளைங்க வெளையாட்டு. ஏதோ கப்பல் படையாம். நான்தான் புத்தகம் குடுத்தேன். எல்லாம் அதுல எழுதி இருக்காம்" என்றார்.

பெரியப்பா அக்காவைப் பார்த்தார். "வெளையாட்டா?"

"ஆமாப்பா. புத்தகத்தக் காட்டுறேன். எல்லார் பேரும் அதுல இருக்கு. உத்தரவு எப்படி எழுதணும்னுகூட இருக்கு."

"போயி எடுத்துட்டு வா."

அக்கா பின்பக்கம் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது கை வெறுமையாக இருந்தது. என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"காணோம்" என்றாள்.

டிரசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரியப்பா என் பக்கம் திரும்பினார். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"நீதான் கொண்டு போயிக் குடுப்பியா, ஆயி?"

"ஆமா பெரியப்பா."

"இது மொதத் தடவையா?"

"இல்ல. நெறையத் தடவ."

அது உண்மை. பார்த்ததைச் சொன்னேன், கேட்டதற்குச் சொன்னேன். மற்ற பிள்ளைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். புத்தகத்தை எரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. டிரசர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

"ஜனவரியில ஸ்கூல் கெடையாது" என்றார் பெரியப்பா. அத்தனைதான்.

அடுத்த மாதமே டிரசர் வேறு தோட்டத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். மகன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. என்னை அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். அம்மா தேறி வீட்டுக்கு வந்திருந்தார். பஸ் ஏறும்போது அக்கா என் தலையை வாரி, சடை போட்டு, ரிப்பன் கட்டிவிட்டாள். "நல்லாப் படி பாப்பா" என்றாள்.

*

அக்கா பெரியம்மாவோடு பால்மரம் வெட்டப் போனாள். பத்தொன்பது வயதில் லோரி டிரைவர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். மலாக்கா டவுனுக்குப் பக்கத்தில் செங் என்ற ஊரில் வீடெடுத்துக் குடியேறினார்கள். அங்கே ஒரு பேக்டரியில் அக்கா முப்பது வருடம் வேலை செய்தாள். மூன்று பிள்ளைகள். நான் படித்தேன், டீச்சர் ஆனேன், டவுனிலேயே இருந்தேன். செங்குக்கும் என் வீட்டுக்கும் காரில் இருபது நிமிடம்கூட இல்லை. ஆனால் கல்யாணம், சாவு என்றால்தான் பார்த்துக்கொள்வோம். அங்கேயும் நான் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவேன். அவள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சுவரோரம்தான் தெரியும். அவள் கூப்பிட்ட தீபாவளிகளுக்கு எல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது அப்பாவிடம் சொன்னாராம். "வெளையாட்டுன்னு எனக்கு ரெண்டு நாள்லயே தெரியும்டா. லயத்துப் பிள்ளைங்க பூரா சொல்லுச்சுங்க. ஆனா கடையில படிச்சிட்டாங்களே. காலையில பெரட்டுல நான் எல்லார் மூஞ்சியிலயும் முழிக்கணுமே." அப்பா அதை எனக்குச் சொன்னபோது எனக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. மண்டோர் என்பவர் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று பார்த்து ஆள் பிரிப்பார் என்று அக்கா நம்பியிருந்தாள். அவர் பெரட்டில் தன் மானத்தைப் பார்த்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. புத்தகம் இருந்திருந்தால், அந்தச் சாயந்தரமே எல்லாருக்கும் காட்ட அதை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போயிருப்பார்.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். பேக்டரிப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், மலாய்ப் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் தமிழ்ப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "ஷிப்ட் லிஸ்ட் அக்காதான் போடணும். ஆபீஸ்ல போட்டா சண்டதான் வரும். யாரு வீட்டுல பிள்ளைக்கு முடியல, யாருக்கு மாமியார் பாக்கணும், எல்லாம் அவங்க தலைக்குள்ள இருக்கும்." எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அக்கா வெள்ளைச் சேலையில், மிஞ்சிய வடைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வேறு யாரும் இல்லை.

"அக்கா, அந்தப் புத்தகத்த நான்தான் எரிச்சேன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள். "அன்னைக்கே தெரியும். வெந்நீர் அடுப்புல அட்டை மூல ஒன்னு எரியாமக் கெடந்துச்சு. செவப்புத் துணி."

"அத எடுத்துக் காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருந்தா யாரு எரிச்சான்னு கேப்பாங்க. அப்பா ஒன்ன அன்னிக்கே பஸ் ஏத்தியிருப்பாரு. உங்கம்மா ஆஸ்பத்திரியில கெடக்கு, சித்தப்பா வேலைக்குப் போயிடுவாரு. பத்து வயசுப் பிள்ள, நீ எங்க போயிருப்ப? அதான் அந்தத் துண்ட உள்ள தள்ளிட்டு வந்தேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் முட்டி வலி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம்.

"இதுக்காகவா இத்தன வருசம் வராம இருந்த?" என்று கேட்டாள்.

"ம்."

"நான் பேக்டரிக்காரி, நீ டீச்சர். அதான் நீ வரமாட்டேங்கிறன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பிள்ளைங்ககிட்டகூட அப்படித்தான் சொல்லியிருக்கேன். சின்னம்மா பெரிய எடம், தொந்தரவு பண்ணாதீங்கன்னு."

நாற்பத்தாறு வருடம். அவள் ஒன்றை நினைத்துக்கொண்டு அங்கே இருந்தாள், நான் ஒன்றை நினைத்துக்கொண்டு இங்கே இருந்தேன்.

*

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனேன். அவளுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யப் போவாள், வியாழன் அவளுக்கு ஓய்வு நாள். வெயில் தாழ்ந்ததும் காரில் கிளேபாங் கடற்கரை வரை போவோம். சாலையோரக் கடையில் எனக்கு இளநீர் வாங்குவேன். அவள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால், என் கோப்பையிலிருந்து இரண்டு வாய் மட்டும் குடிப்பாள். கடலில் நிற்கும் கப்பல்களைப் பார்ப்போம். ஒருநாள் அவளாகவே அந்தப் பேரரசைப் பற்றிப் பேசினாள். "அந்த அஞ்சு டிவிஷன் தப்புடி. அவ்வளவு தூரத்துக்கு மூணே போதும். ஆள் பத்தாது" என்றாள். எத்தனை வருடமாக அதைத் தலைக்குள் திருத்திக்கொண்டிருந்தாளோ.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மலாய் நர்ஸ் என்னை யாரென்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "அடிக் சாயா. சிகு" என்றாள். என் தங்கச்சி, டீச்சர் என்று அர்த்தம்.

அப்படிப் பதினோரு மாதம்தான் எங்களுக்குக் கிடைத்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவளுடைய மூத்த மகள் வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

"வியாழக்கெழமன்னா அம்மா காலையில ஏழு மணிக்கே குளிச்சுட்டு, நல்ல சேல கட்டிக்கிட்டு, இந்த நாற்காலியில வந்து உக்காந்துடுவாங்க சின்னம்மா. நீங்க மூணு மணிக்குத்தான் வருவீங்கன்னு சொன்னாக் கேக்க மாட்டாங்க. இருக்கட்டும்பாங்க."

எனக்கு அது தெரியாது. காலைகளில் எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. மத்தியானம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.